தண்ணீர்த் தொட்டிச் சுவர் காலியாக இருக்கிறது

என் சின்ன மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் அக்கா வீட்டாரும் இங்கே நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இதை இத்தோடு மடித்து வைத்துவிட்டு முதலில் உடம்புக்கு என்ன என்று எழுது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாய்க்கு ஒரு குறையும் இல்லை. கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, நான்தான் எழுதுகிறேன். எட்டு மாதமாக நூலக மாடியில் மாலை வகுப்புக்குப் போகிறேன். ஓய்வு பெற்ற கண்டக்டர் அம்மா ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார், படிக்கட்டில் தொங்கியவர்களை உள்ளே தள்ளிய அதே குரலில் எழுத்துகளை எங்கள் மண்டைக்குள் தள்ளுகிறார். இந்த வயசுல எதுக்குப் பெரியவரே என்று முதல் நாள் கேட்டார், மருந்துச் சீட்டு படிக்க என்றேன். அது பொய். மருந்துச் சீட்டை மருந்துக்கடைக்காரராலேயே படிக்க முடிவதில்லை. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் எழுத வருகிறது, ஆகவே இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் மழையும் அடுத்த இடத்தில் வெயிலும் இருந்தால் குழம்ப வேண்டாம். எழுத எழுத எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, தனியாச் சிரிக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்குறாங்க என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ நாடு நாடாகப் போய் ஏணியில் ஏறுகிறாயே, அந்தச் சுவர் ஓவியத் திருவிழா நம் ஊருக்கே வந்துவிட்டது. மொத்தம் பதினான்கு சுவர். பதின்மூன்று சுவருக்கு எங்கெங்கிருந்தோ ஆள் வந்தாயிற்று. பதினான்காவது தண்ணீர்த் தொட்டிச் சுவர். அது உனக்கு என்று கமிட்டிக்காரர்கள் உனக்கு எழுதி ஐந்து வாரம் ஆகிறதாம், வருகிறேன் என்றும் நீ சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. முப்பதாம் தேதி வரைதான் காத்திருப்பார்களாம், பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கமிட்டியின் செயலாளர் ஒரு சின்னப் பெண், நல்ல பெண், வாரம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, ஐயா, ஊர் உலகத்துல எல்லாம் வரையறாங்க, சொந்த ஊருன்னா மட்டும் ஏன் பதிலே இல்ல என்று கேட்கிறாள். தபால் தாமதமாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அவர்கள் உனக்கு எழுதியது கம்ப்யூட்டரிலாம், அதில் தபால்காரருக்கு வேலையே இல்லையாம். உண்மையான காரணம் உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நாம் இருவரும் உடம்பு, மழை, சாப்பாடு என்று மூன்றையும் பேசி முடித்து வைத்துவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

திருவிழாவில் எனக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். நகராட்சியில் முப்பத்தோரு வருடம் சுவரில் ஒட்டினதை, எழுதினதை, வரைந்ததை எல்லாம் அழித்து வெள்ளையடித்தவன், நகரத்தில் எந்தச் சுவர் எந்த வெயிலுக்கு வெடிக்கும் என்று எனக்குத் தெரியும், ஆகவே ஓவியர்கள் வருவதற்கு முன்னால் பட்டி பார்த்து அடிக்கோட் அடித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. முடிதிருத்துபவர் கடைச் சுவரில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கிழவர் முகம் வந்திருக்கிறது, தலையில் ஒரு முடி கிடையாது, இது என் தொழிலுக்கு எதிரான பிரசாரம் என்று அவர் கமிட்டிக்குப் புகார் கொடுத்திருக்கிறார். பழைய பஸ் டிப்போவில் ஒரு கண்காட்சி. சுவரில் வரைந்ததைப் படம் பிடித்து, அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு, இன்னொரு சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கும் நான்தான் வெள்ளையடித்தேன், நன்றாக வந்திருக்கிறது. எல்லோரும் படத்தையே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். போன திங்கள்கிழமை தபால் நிலையத்துப் பக்கச் சுவரை முடித்துக் கொடுத்தேன், கண்ணாடி மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் நடக்கப் போனால் அந்தச் சுவர் முழுக்க யாரோ கிறுக்கி வைத்திருக்கிறான். வட்டம், கோழிக்கால், கண், எண்கள், பாதி மீன், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் மூலைக்கு மூலை. அந்தச் சுவரில் வரைய வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஓவியர் பார்த்தால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார் என்று வீட்டுக்கு ஓடி, மிச்சமிருந்த வாளியையும் ரோலரையும் எடுத்து வந்து ஒன்றரை மணி நேரத்தில் துளி தெரியாமல் அழித்துவிட்டேன். நல்ல காரியத்தைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. வந்து குளித்துவிட்டுத் தூங்கினேன். பத்து மணிக்கு அந்த ஓவியர் வந்தாராம், ஆள் விளக்குக் கம்பம் மாதிரி, எல்லோரும் நெட்டையர் என்கிறார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி சுவருக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார் என்று கிரேன் ஓட்டுபவர் சொன்னார். கிறுக்கியது அவரேதான். பெரிய சுவரில் அளவு தெரிவதற்காக அப்படித்தான் முதலில் கண்டபடி கிறுக்குவார்களாம், அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் தன் ஓவியத்தை வைத்துப் பார்த்தால், மூக்கு கோழிக்கால் பக்கத்தில், காது பாதி மீன் பக்கத்தில் என்று தெரிந்துவிடுமாம். நீயும் அப்படித்தான் செய்வாயோ என்னவோ, என்னிடம் யாரும் சொல்லவில்லை. செயலாளர் பெண் கண் கலங்கி வீட்டுக்கு வந்து, ஐயா, எந்தப் படுபாவியோ அழிச்சுட்டான், நீங்க யாரையாவது பாத்தீங்களா என்றாள். நான்தான் அழித்தேன் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் நெட்டையரையே கூட்டிக்கொண்டு வந்தாள், நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். அவர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செயலாளர் பெண் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள், இவரோட படத்த மழை அழிச்சிருக்காம், போலீஸ் அழிச்சிருக்காம், ஆனா இவ்வளவு சுத்தமா யாரும் அழிச்சதே இல்லையாம் என்று. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது, பசைத் தண்ணீர் அடித்துக் காயவிட்டுப் பிறகு ரோலர் போட வேண்டும் என்ற விவரத்தைச் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். பிறகு, இதுவரைக்கும் யார் யாரோடதை அழிச்சிருக்கீங்க என்று கேட்டார். எல்லோரோடதையும் என்றேன். அடுப்படியிலிருந்து உன் அம்மா, பெத்த பொண்ணோடதையும்னு சேத்துச் சொல்லுங்களேன், அதை மட்டும் ஏன் விடுறீங்க என்றாள். அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இந்தப் பதினாறு வருடமாகத் தெரியாது. அவர்கள் போன பிறகு கேட்டேன், துவைக்கிறவளுக்குத் தெரியாதா உங்க சட்டை என்றாள்.

ஆமாம் கண்ணு, அது நீ வரைந்தது என்று எனக்கும் அன்றைக்கே தெரியும். இரண்டு நாள் விடுமுறையில் தண்ணீர்த் தொட்டிச் சுவர் நெடுக நீ ஒரு கொடி கட்டித் துணி காயப்போட்ட மாதிரி வரைந்திருந்தாய். மூன்றாவதாகத் தொங்கியது என் வேலைச் சட்டை. இரண்டாவது பித்தான் மட்டும் வேறு நிறம், வீட்டிலும் அப்படி, சுவரிலும் அப்படி. காற்றில் ஒரு கை தூக்கியிருந்தது. என் பட்டியலில் அன்றைக்கு ஏழு சுவர், அது ஏழாவது. ஆறையும் முடித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன், சாப்பிட்டு முடித்தும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இன்னொருவனை அனுப்புங்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டிருக்கலாம். இது என் மகள் வரைந்தது, படமாவது பிடித்துக்கொள்கிறோம் என்றும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது. எழுந்து அடித்தேன், சட்டையைக் கடைசியாக அடித்தேன். அன்றைக்கு வீட்டில் நீ என் நகக்கண்ணில் இருந்த வெள்ளையைப் பார்த்தாய், நான் தட்டைப் பார்த்தேன். அடுத்த வருடம் நீ போனாய்.

பிறகு ஒவ்வொரு திருவிழாவிலிருந்தும் நீ ஒரு அட்டை அனுப்பினாய், மீன் சந்தைச் சுவர், பனியில் பெயிண்ட் காயாத சுவர், மூடிய சிறைக்குள் நடந்த கண்காட்சி என்று பதினோரு அட்டை. அம்மாவுக்கும் எழுத்து தெரியாது, அக்கா அப்போது வெளியூரில், ஆகவே தையல்காரர்தான் படித்துச் சொன்னார், பதிலையும் அவர்தான் எழுதினார். அவர் முன்னால் இந்த விஷயத்தை நான் எப்படிச் சொல்வேன், ஊரே அளவு கொடுக்க வருகிற இடம். நீ கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று வந்த வரிகள் எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு, நான் சொன்னதில்லை. எழுத்து வந்ததும் முதல் வேலையாக அந்தப் பதினோரு அட்டையையும் எடுத்து நானே படித்தேன், நான்கு நாள் ஆனது. ஒன்பது அட்டையில் கடைசி வரி, அப்பா இன்னும் அழிக்கிறாரா என்று இருக்கிறது. தையல்காரர் அதைப் படித்துக் காட்டியதே இல்லை. போய்க் கேட்டேன், ஊசியைக் கீழே வைக்காமல், அது உங்க வீட்டுச் சமாசாரம்ணே, நான் எதுக்கு வாயக் குடுக்கணும்னு விட்டுட்டேன் என்றார். ஒன்பது தடவை நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. போன செவ்வாய்க்கிழமை வரை அழித்தேன். இனி அழிக்க மாட்டேன். உன் சுவரை அழித்தது உன்னுடையது என்று தெரிந்துதான், அது தப்பு.

தண்ணீர்த் தொட்டிச் சுவரைக் கழுவி, பட்டி வைத்து, தேய்த்து, இரண்டு கோட் அடித்து வைத்திருக்கிறேன். வடக்கு மூலையில் ஈரம் ஏறும், அங்கே மெல்லிய வேலை வைத்துக்கொள்ளாதே. வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்று கமிட்டியில் சொன்னேன், விதி இருக்கு ஐயா, சுவர் வெறுமனே இருக்கக் கூடாது என்றார்கள். அப்படியென்றால் என் மகள் வராவிட்டால் நானே வரைகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நேற்று காலண்டர் பின்பக்கத்தில் ஒரு நாற்காலி வரைந்து பழகினேன். அம்மா பார்த்துவிட்டு, மாடு நல்லா வந்திருக்கு, ஆனா ஏன் படுத்திருக்கு என்றாள். சுவர் நாற்பதடி நீளம். செயலாளர் பெண் இது மிரட்டலா ஐயா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

வந்தாலும் வராவிட்டாலும் உயரத்தில் ஏறும்போது இடுப்புப் பட்டையைப் போடு, பெயிண்ட் நெடி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள், கூடவே கம்பளிச் சட்டை போடச் சொல்கிறாள். முப்பதாம் தேதியை மறந்துவிடாதே. பதிலைத் தையல்காரர் கடைக்கு அனுப்ப வேண்டாம், வீட்டுக்கே அனுப்பு. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு, திட்டுவதாக இருந்தாலும் பெரிய எழுத்தில் திட்டு, ஒரு வரி விடாமல் நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு, தானே எழுதிய
உன் அப்பா