பெயரில்லாத போத்தல்கள்

பேர்கன், நோர்வே
12 பெப்ரவரி 2014

அன்புள்ள புஸ்பம் அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் நல்ல சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் உங்கள் குரல் வெட்டி வெட்டித்தான் கேட்கிறது. சிக்னல் கிடைக்க வயல் வரம்பில் ஏறி நிற்கிறீர்கள் என்று அத்தான் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

என்னதான் படிக்கிறாய் என்று கேட்டீர்கள். எங்கள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு உயிர்க்கலமும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பைகளை வெளியே விடுகிறது. கலப்புற நுண்பைகள் என்று அவற்றுக்குப் பெயர். பைக்குள் இருப்பதைப் பார்த்தால் அதை விட்ட கலம் நல்லாக இருக்கிறதா, நோயில் கிடக்கிறதா என்று சொல்லலாம். சிறுநீரகம் விடும் பைகள் சலத்தோடு, அதாவது சிறுநீரோடு, வருகின்றன. இரத்தப் பரிசோதனையில் பிழை தெரியும்போது சிறுநீரகத்தில் பாதிக்குமேல் போயிருக்கும். பைகள் அதற்கு முந்தியே காட்டும் என்று நம்புகிறோம். நோயுற்ற கலத்தின் பை பக்கத்துக் கலத்துக்குள் புகுந்து அதையும் கெடுக்கிறது என்றும் நினைக்கிறோம். வலியே இல்லாமல் உள்ளுக்குள் பரவும் நோய் இது.

உங்கள் ஊர்க் கனகம்மாவின் மகனைப்போல அந்தப் பக்கம் எத்தனை பேர் இந்த நோயில் செத்துப் போய்விட்டார்கள்! எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் டொக்டர் காமில் கொழும்பிலிருந்து குழுவோடு வெள்ளாங்குளம் வருகிறார். சலமும் இரத்தமும் எடுப்பார்கள். போத்தலோடு வருகிற புது ஆட்களை ஊர் நம்பாது. நீங்கள் போய்க் கேட்டால் கொடுப்பார்கள். எனக்காகச் செய்வீர்களா அக்கா?

உங்கள் அன்புத் தங்கச்சி,
ஜூலியட்

*

வெள்ளாங்குளம்
30 மார்ச் 2014

என் அன்புத் தங்கச்சி ஜூலியட்டுக்கு,

நீ கேட்டு நான் மறுப்பேனா? அம்மா செத்தபின் உன்னை என் இடுப்பிலேயே வைத்து வளர்த்தவள் நான். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து நோர்வேச் சித்தப்பாவிடம் உன்னை அனுப்பியபோது, படித்துப் பெரிய ஆளாக வரட்டும் என்றுதான் கண்ணைத் துடைத்தேன். திரும்பி வந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறிய பிறகு, உன் படிப்பு எங்கள் ஊருக்கு உதவும் என்று நினைக்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் போனேன். சிலர் சிரித்தார்கள். கனகம்மா மட்டும் கோபப்பட்டாள்.

“எங்கட பிள்ளை செத்தபோது ஆர் வந்தவை? இப்ப வெளிநாட்டாருக்கு எங்கட சலமும் வேணுமோ?”

“வெளிநாட்டார் இல்லை மாமி. என்ர தங்கச்சிதான் பாக்கப் போறாள். ஏதும் இருந்தா மறைக்க மாட்டாள், சொல்லுவாள்” என்றேன்.

அதன் பிறகுதான் அவளும் கொடுத்தாள், மருமகளும் கொடுத்தாள். உன் அத்தான், “இவ்வளவு படிச்சது என்ர சலத்தைப் பாக்கவோ?” என்று பகிடி விட்டபடியே போத்தலை வாங்கிக்கொண்டு போனார். அவருடைய இரத்தம் நல்லம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு நிம்மதி. உன் பைகளையும் பார்த்து எழுது.

உன் அக்கா,
புஸ்பம்

*

பேர்கன்
18 யூன் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

போத்தல்கள் உறைந்தபடி பத்திரமாக வந்து சேர்ந்தன. நீங்கள் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திராது. இங்கே பேராசிரியர் என்னைப் பாராட்டினார்.

ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். போத்தல்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அது ஆராய்ச்சியின் சட்டம். “சொல்லுவாள்” என்று நீங்கள் சொல்லியிருக்கக் கூடாது அக்கா. இந்தப் பரிசோதனை இன்னும் உறுதியாகவும் இல்லை. வீணாக ஒருவரைப் பயப்படுத்தவும் முடியாது. எல்லோரையும் நல்ல தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். வருடா வருடம் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தானுக்கு என் அன்பு.

ஜூலியட்

*

வெள்ளாங்குளம்
2 செப்ரெம்பர் 2014

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ஒருவருக்கும் காட்டவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், “தங்கச்சி என்ன சொல்லுறா?” என்று சுற்றி நின்று கேட்கிறார்கள். “பாத்துக்கொண்டிருக்கிறாள்” என்கிறேன். இப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் அத்தானுக்கு நாரி வலி, குனிந்தால் இடுப்பு நிமிர்வதில்லை. மருந்துக்கடையில் வாங்கிய வலிக்குளிசையைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார். வெயிலில் வேலை, தண்ணியும் குறைவு. எனக்கு என்னவோ மனம் சரியில்லை. ஊரை விடு. அவருடையதை மட்டும் கேட்டுச் சொல்லு. நல்லமோ இல்லையோ என்று ஒரு சொல் போதும். நான் இதுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

அக்கா

*

பேர்கன்
15 ஒக்ரோபர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன். ஆனால் எந்த எண் யாருடையது என்று திறந்து காட்டும்படி கேட்க வழியே இல்லை. அந்த ஊரில் எனக்குச் சொந்தம் இருப்பது தெரிந்தாலே வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். படிப்பு முடியும் நேரம் இது. தயவுசெய்து என்னைப் புரிந்துகொள்ளுங்கள்.

வலிக்குளிசை தொடர்ந்து போடுவது யாருக்குமே நல்லதில்லை. அத்தானிடம் சொல்லுங்கள்.

ஜூலியட்

*

பேர்கன்
9 மே 2016

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனையோ எழுதினேன், உங்களிடமிருந்து பதிலே இல்லை. சித்தப்பா சொல்லித்தான் அத்தானின் சிறுநீரகம் இரண்டும் பழுதென்றும், வவுனியாவுக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்கிறார் என்றும் அறிந்தேன். டிசம்பரில் நத்தார்த் திருநாளுக்கு வந்து உங்களைப் பார்க்க நினைக்கிறேன்.

எனக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்துவிட்டது. எங்கள் கட்டுரையும் வெளிவந்துவிட்டது. டொக்டர் காமில் அடுத்த மாதம் உங்கள் ஊருக்கு வந்து முடிவுகளை விளக்குவார். முதல் முறை கொடுத்தவர்களிடமே திரும்பவும் சலம் எடுக்க வேண்டும். நோய் வந்தவர்களின் பைகள் எப்படி மாறியிருக்கின்றன என்று பார்த்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். அத்தானும் கொடுத்தால் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி. முந்தி மாதிரியே நீங்கள்தான் எல்லோரிடமும் சொல்ல வேண்டும்.

என்றும் உங்கள்
ஜூலியட்

*

வெள்ளாங்குளம்
21 ஓகஸ்ட் 2016

கலாநிதி ஜூலியட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நடந்ததை எழுதுகிறேன்.

டொக்டர் காமில் வந்தார். கோயில் மண்டபத்தில் ஊர் முழுக்க இருந்தது. என் கணவரைக் கதிரையில் முன்னுக்கு இருத்தினோம். டொக்டர் நல்ல மனிதர், விளங்கும்படி சொன்னார். அன்றைக்கு இரத்தம் நல்லமாக இருந்தவர்களிலும் சிலருக்கு, பைகளில் சிறுநீரகச் சேதம் தெரிந்ததாம். அதுதான் கண்டுபிடிப்பாம். நான் எழும்பினேன்.

“அப்ப ஏன் அவைக்குச் சொல்லேல்லை?”

“பேர் எங்களுக்குத் தெரியாது அம்மா. எண் மட்டும்தான்.”

“திறக்க வழியே இல்லையோ?”

“இருக்கு. குழுவில ஒருத்தர் கேட்டா, நெறிமுறைச் சபை பாத்து முடிவு சொல்லும். ஆனா ஒருத்தரும் கேக்கேல்லை.”

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அன்றே எல்லோரும் அவரவர் முடிவைக் கேட்டோம். போன கிழமை டொக்டர் சபையின் அனுமதியோடு திரும்பி வந்து ஒவ்வொருவரிடமும் தனியே சொன்னார். என் கணவரின் பைகளில் அப்போதே சேதம் இருந்திருக்கிறது. முந்தித் தெரிந்திருந்தால் கிட்னி தப்பியிருக்குமோ என்று கேட்டேன். “உறுதியாச் சொல்லேலாது அம்மா. அந்தக் குளிசையையாவது நிப்பாட்டியிருப்பம்” என்றார்.

குளிசை கூடாது என்று நீங்கள் எழுதியதை என் கணவருக்கு அப்போதே வாசித்துக் காட்டினேன். “எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுறதுதானே, என்ர இரத்தம் நல்லம்தானே” என்று சொல்லிவிட்டு இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். உனக்குத்தான் கெட்டிருக்கிறது என்று ஒரு ஆள் சொல்லியிருந்தால் போட்டிருப்பாரா? நீ கேட்டிருக்கலாமடி. உன்னை விலக்கினாலும் உயிரோடு இருந்திருப்பாய். வேறு படிப்புப் படித்திருப்பாய்.

அவர் உங்களை மன்னித்துவிட்டார். “சின்னப்பிள்ளை, பயந்திட்டாள், விடு” என்கிறார். அது அவருடைய குணம். எனக்கு அது வரவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் வரவில்லை என்றுதான் சொன்னேன்.

கனகம்மாவின் மருமகளுக்கும் சேதம் தொடங்கியிருந்ததாம். இப்போது கிளினிக்குக்குப் போகிறாள். தப்பிவிடுவாள் என்று சொல்கிறார்கள். ஆகவே ஆராய்ச்சியை நான் குறை சொல்லவில்லை. போத்தல் வந்தால் கொண்டுபோய்க் கொடுப்பேன். முடிவைச் சொல்லுவோம் என்று டொக்டர் எழுத்தில் தந்திருக்கிறார். என் கணவரிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவருக்குச் சலம் போவது நின்றுவிட்டது.

நத்தாருக்கு இங்கே வர வேண்டாம்.

போன கிழமை திரும்பிப் போக வான் வண்டியில் ஏறும்போது டொக்டர் என்னைக் கூப்பிட்டார். “எங்களோட நோர்வேயில வேலை செய்யிற ஜூலியட்டும் இந்தப் பக்கம் பிறந்தவவாம். உங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளையோ?” என்று கேட்டார்.

பக்கத்தில் கனகம்மா நின்றாள். தெரியாது என்று சொன்னேன். அவளும் வாய் திறக்கவில்லை.

இப்படிக்கு,
திருமதி வின்சன்ட் புஸ்பம்