பதினொருதரம் கேட்டேன்

மருதனார்மடம்
சனிக்கிழமை, பின்னேரம்

அன்புள்ள அண்ணைக்கு,

"மூன்றுதரம் கேட்டேன்" என்று நான் எழுதியிருந்த இடத்தில் "ஒருதரமே போதும்" என்று இருந்தது. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அம்மா எழுதச் சொன்னவற்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தைப் பார்சலுக்குள் வைக்க விடமாட்டார். இங்கே நாங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் எழும்பி நடமாடுகிறோம், அங்கே நீங்களும் குளிரைச் சமாளித்துக்கொண்டு அப்படியே இருக்க வேண்டுமென்று அம்மா ஆஞ்சநேயருக்கு வடைமாலை நேர்ந்து வைத்திருக்கிறார். தை மாதம் பெய்த மழையில் வெங்காயம் பாதி அழுகிப் போனது, மிச்சத்தை இலைத்தாளோடு பிடி பிடியாகக் கட்டி உலரத் தூக்கியிருக்கிறோம். அப்பாவுக்கு இடது கால் இரவில் இழுக்கிறது, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் பம்ப் மோட்டார் திருத்த வேண்டும் என்று கதையை மாற்றுகிறார். பின்வளவு வீட்டுப் பிரதீபா அக்கா புதன்கிழமை பாரிசுக்குப் பயணம். அவரிடம் மிளகாய்த்தூள் இரண்டு கிலோ, ஒடியல் மா, தட்டைவடை எல்லாம் கொடுத்துவிடுகிறோம். போனில் தினமும் கதைக்கிறோமே, பிறகென்ன கடிதம் என்று கேட்டேன். "பார்சலுக்குள்ளை ஒரு கடிதம் இல்லாட்டி அது கடையிலை வாங்கின சாமான் மாதிரியெல்லோ இருக்கும்" என்றார் அம்மா.

எப்போதும் அம்மா சொல்லுவார், நான் எழுதுவேன், கீழே அம்மா என்று போடுவேன். இன்றைக்கு அம்மா தூள் இடிப்பிக்க மில்லுக்குப் போய்விட்டார். போகும்போது "வழமை போலை எழுதிவை பிள்ளை, நான் சொல்லுறது உனக்குத் தெரியும்தானே" என்றார். தெரியும். சொல்லியாயிற்று. இனி நான் சொல்லுவது. எனக்கு உங்களில் கோபம் அண்ணை. சின்னக் கோபம் இல்லை. பத்து நாளாகச் சோறு இறங்காத கோபம். போனில் தொடங்கினால் எனக்குச் சொல் தடுமாறும், நீங்கள் "சரி சரி, வேலைக்கு நேரம் போகுது" என்று வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் எனக்குச் சொல் தடுமாறுவதில்லை, அது உங்களுக்கும் தெரியும், அதனால்தானே இரண்டு வருடமாக என்னைக் கொண்டு எழுதுவித்தீர்கள்.

நீங்கள் மறந்தாலும் நான் மறக்கவில்லை. நீங்கள் இணையத்தில் பாட்டுக் கேட்டு எழுதுகிற அந்தக் குழுவில் சேர்ந்து மூன்று மாதத்தில் ரெஸ்ரோறன்ட் வேலை கூடிவிட்டது. "குலுக்கலிலை என்ரை பேர் விழுந்திட்டுது, எனக்குக் கேக்க நேரமில்லை, நீ கேட்டு நாலு வரி எழுதித்தா" என்றீர்கள். எழுதினேன். குழுவின் ஒழுங்கு உங்களை விட எனக்குத்தான் பாடம். மாதம் ஒருக்கால் பெயர் குலுக்கி இரண்டு இரண்டு பேராகச் சேர்ப்பார்கள். மற்றவர் கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிற ஒரு அல்பத்தை ஒருவருக்கொருவர் கொடுக்க வேண்டும். கிடைத்தவர் முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பாட்டும் தாண்டாமல், மூன்றுதரம் கேட்டுவிட்டுத்தான் எழுதலாம். கொடுத்தவர் அதைப் பற்றி முன்னும் பின்னும் ஒரு சொல் சொல்லக் கூடாது. எவ்வளவு நல்ல ஒழுங்கு. எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட ஒருவரும் இப்படி ஒழுங்காகக் காது கொடுத்ததில்லை. வெங்காயம் கட்டிக்கொண்டே கேட்பேன். நீங்கள் விட்டுப் போன போனில், உங்கள் கணக்கில், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்போனில். உங்கள் பெயர் விழுந்த மாதங்களில் பதினான்கு அல்பம் கேட்டு எழுதினேன். அந்தப் பதினான்கையும் உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் உங்கள் பெயரில் போட்டீர்கள். "கிருஷாந்தின்ரை காது மாதிரி ஒரு காது இந்தக் குழுவிலை இல்லை" என்று ஒருவர் எழுதினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காது பாரிசில் இல்லை, இங்கே வெங்காயத் தூசியோடு கிடக்கிறது.

அதற்கெல்லாம் நான் கோபிக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர் தன் குரலில் பெயரும் ஊரும் சொல்லி அனுப்ப வேண்டும், அதை எல்லோரும் கேட்பார்கள் என்று நீங்கள் சொன்னபோது, ஐயோ எனக்கு வேண்டாம், உங்கள் பெயரிலேயே போடுங்கள் என்று சொன்னது நான்தான். அந்தப் பிழை என்னுடையது. கடைக்குப் போய் ஒரு சவர்க்காரம் கேட்பதற்கே இரண்டுதரம் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறவள் நான். ஆனால் என் பெயரைப் போட வேண்டாம் என்றேனே தவிர, நான் எழுதியதை மாற்றலாம் என்று சொல்லவில்லை.

இந்த முறை குலுக்கலில் உங்களுக்கு எமில்ராஜ் என்பவர் விழுந்தார். பருத்தித்துறையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். ஒரு வருடமாகக் குழுவில் இருந்தார், அதிகம் எழுதமாட்டார், யாரையும் பகிடி பண்ணமாட்டார். அவர் தந்த அல்பத்தின் அட்டையில் ஒரு மரக் கதவு மட்டும் இருந்தது. எந்த நாடு, என்ன பாஷை ஒன்றும் தெரியாது. ஒரு பெண் பாடுகிறாள், யாரோ ஒருவர் ஆர்மோனியம் மாதிரி ஒரு பெட்டி வாசிக்கிறார், அவ்வளவுதான், ஏழு பாட்டு. முதல்தரம் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இரண்டாம்தரம் அலுப்பு வந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதினேன். மூன்றாம்தரம் நாலாவது பாட்டில் வேலையை நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்குப் பாட்டின் நடுவில் இருமல் வருகிறது. திரும்பத் தொடங்கவில்லை, அந்த இடத்தை வெட்டவும் இல்லை. அவள் இருமி முடிக்கும்வரை பெட்டிக்காரர் ஒரே ஒரு சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவர் கையை எடுத்திருந்தால் பாட்டு அங்கேயே முடிந்திருக்கும். அவள் திரும்பி வந்து அந்தச் சுரத்தில்தான் கால் வைக்கிறாள். நான் அதைப் பதினொருதரம் கேட்டேன். குழுவில் நம்பமாட்டார்கள் என்று மூன்று என்றுதான் எழுதினேன். அம்மாவுக்கும் இயர்போனைக் காதில் வைத்துவிட்டேன். அம்மா வெங்காயத்தைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, "ஆர் பெத்த பிள்ளையோ, நெஞ்சு முழுக்கச் சளி. ஆனா பெட்டிக்காரன் நல்ல மனுசன், பிள்ளை வருமட்டும் காவல் நிக்கிறான்" என்றார். ஒரு பாஷையும் தெரியாத அம்மாவுக்கு விளங்கியது. நான் இரண்டு பக்கம் எழுதியதை அம்மா ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நீங்கள் என்ன போட்டீர்கள்? "நாலாவது பாட்டிலை அக்காவுக்கு இருமல். மல்லித்தண்ணி அவிச்சுக் குடுக்க ஆளில்லைப் போல. இருமலையும் சேர்த்து அல்பமாக்கி எங்கடை தலையிலை கட்டியிருக்கினம். எமில்ராஜ் அண்ணை எஞ்சினுக்குள்ளை காதை வைச்சு வைச்சு இதையும் பாட்டெண்டு நினைச்சிட்டார். ஒருதரமே போதும்." நூற்று நாற்பத்து மூன்று பேர் சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். கொடுத்தவர் வாய் திறக்கக் கூடாது என்பது ஒழுங்கு, அந்த மனிதர் ஒழுங்குக்கு அடங்கி இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் "கேட்டதுக்கு நன்றி தம்பி. நான் குழுவிலையிருந்து விலகிறன், ஒருத்தரிலும் கோபமில்லை" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இப்படி ஒரு மனிதர் கோபமில்லை என்று சொன்னால் அந்தக் கோபத்தையும் சேர்த்து நான் படவேண்டியிருக்கிறது.

அது மட்டுமில்லை அண்ணை. மற்றவருக்குக் கொடுக்கிற அல்பத்தை எப்போதும் நீங்கள்தான் தேர்வீர்கள். நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள், இந்த முறை அவருக்குக் கொடுக்க ஒரு அல்பம் நான் தேர்ந்து வைத்திருந்தேன். நாதஸ்வரமும் தவிலும் மட்டும் உள்ளது. அதில் கடைசித் துண்டில் நாதஸ்வரம் நின்றபிறகு தவில் ஒரு கணம் தாமதித்துத்தான் நிற்கிறது. அது வேண்டுமென்று செய்ததா, கை தவறியதா என்று மூன்று மாதமாக எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? எங்கள் வீட்டில் கேட்டால் அப்பா "தவில் எண்டா சத்தம்தானே பிள்ளை" என்பார். எஞ்சின் சத்தத்தில் பிழை பிடிக்கிற காதுக்கு இது விளங்கும் என்று நினைத்து அதை அவருக்குக் கொடுத்தேன். "இரண்டுதரம் கேட்டிட்டன், ஞாயிறு மூண்டாந்தரம் கேட்டிட்டு எழுதுறன். கடைசியிலை ஒரு விசயம் இருக்கு" என்று அவர் எழுதியிருந்தார். கடைசியில் ஒரு விசயம். அதே இடம்தான், எனக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் எத்தனை நாள் பார்த்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒன்றை இன்னொருவர் கேட்டுப் பதில் எழுதப் போகிறார் என்பது அதுதான் முதல்தரம். நீங்கள் வியாழக்கிழமை உங்கள் பகிடியைப் போட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் குழுவில் இல்லை.

நான் போனில் அழுதபோது நீங்கள் சொன்ன மூன்று பதிலையும் அப்படியே திருப்பித் தருகிறேன். "நீ எழுதினது பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி இருந்தது, கொஞ்சம் கடிச்சு எழுதினால்தான் சனம் வாசிக்கும்" என்றீர்கள். சனம் வாசிக்கவில்லை அண்ணை, சிரித்தது. அந்த அல்பத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றைக் கடிக்க உங்களுக்கு எங்கிருந்து பல் வந்தது? பிறகு "இப்ப போய் அது தங்கச்சி எழுதினது எண்டு சொன்னா என்ரை மரியாதை என்ன ஆகும்" என்றீர்கள். உங்கள் மரியாதை என்று நீங்கள் நினைக்கிறது நான் வெங்காயம் கட்டிக்கொண்டு சேர்த்தது. கடைசியாக "ஓஎல்லோடை நிண்ட உனக்கு இவ்வளவு எழுத வருதே, அதை நினைச்சுச் சந்தோசப்படு" என்றீர்கள். நான் ஏன் ஓஎல் சோதனையோடு பள்ளிக்கூடத்தை விட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு விசா வந்த மாதம்தான் அம்மாவுக்கு ஒப்பரேசன். வீட்டில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்றபோது ஒருவரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அதற்காக நான் ஒருநாளும் உங்களைக் குறை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆனால் அதை எடுத்து என் முகத்தில் எறிய உங்களுக்கு மனம் வந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் கணக்கு இந்தப் போனில் திறந்தபடிதான் கிடந்தது. நான் நினைத்தால் உங்கள் பகிடியை அழித்துவிட்டு என் எழுத்தைப் போட்டிருக்கலாம். இரண்டுதரம் விரல் வைத்தும் எடுத்துவிட்டேன். அப்படிப் போட்டால் அதுவும் கிருஷாந் எழுதியதாகத்தான் நிற்கும். இன்றோடு உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டேன். இனி உங்களுக்காக ஒரு அல்பமும் கேட்கமாட்டேன், ஒரு வரியும் எழுதித் தரமாட்டேன். குலுக்கலில் பெயர் விழுந்தால் நீங்களே மூன்றுதரம் கேளுங்கள். கேட்டால் உங்களுக்கும் நல்லது, பகிடிக்குச் சொல்லவில்லை.

அம்மா மில்லிலிருந்து வந்துவிட்டார். தும்மிக்கொண்டே நின்று, "எடி பிள்ளை, இரண்டு கிலோத் தூளுக்கு ஆறு பக்கக் கடிதமோ, என்னத்தையடி எழுதிறாய்" என்று கேட்டார். அண்ணையோடு கொஞ்சம் கதைக்க இருக்கிறது என்றேன். கண்ணாடி இல்லாமல் கடிதத்தைப் பிடித்துப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார், பிறகு "கதை கதை, ஆனா குளிருக்கை தலையை மூடிக்கொண்டு போகச் சொல்லியும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். அம்மாவினதும் அப்பாவினதும் ஆசீர்வாதம் எப்போதும் உங்களோடு இருக்கும், ஆஞ்சநேயர் உங்களுக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார். தூளைப் பொதியோடு வைக்காமல் போத்தலில் கொட்டி இறுக்க மூடி வையுங்கள், போன முறை மாதிரிப் பூச்சி பிடிக்க விடவேண்டாம். தட்டைவடையில் பாதியைப் பிரதீபா அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், இது அம்மா இரண்டுதரம் சொன்னது.

இதை மடிப்பதற்கு முன் நான் ஒரு வேலை செய்தேன். எமில்ராஜ் குழுவில் சேர்ந்த நாளில் தன் கடையின் படத்தைப் போட்டிருந்தார், பெயர்ப் பலகையில் இருந்த போன் இலக்கத்தை, உங்கள் கணக்கிலிருந்து வெளியேறுமுன் கொப்பியில் குறித்திருந்தேன். கிணற்றடிக்குப் போய் நின்று அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். "ஆர் கதைக்கிறது" என்று கேட்டார், பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வைத்துவிட்டேன். முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்ப எடுத்தேன். என் பெயர் கஜானி, கிருஷாந்தின் தங்கச்சி, நீங்கள் தந்த அல்பத்தைக் கேட்டது அண்ணை இல்லை, நான் என்று சொன்னேன். அவர் "டேய், உந்த எஞ்சினை ஒருக்கா நிப்பாட்டு" என்று யாருக்கோ சத்தம் போட்டார். எஞ்சின் நின்றது. நான் கொப்பியைத் திறந்து, எழுதியதை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

இப்படிக்கு,
தங்கச்சி கஜானி