அருள்தாஸின் முதல் எழுத்து

நேற்று என் கைப்பேசி ஒரு கேள்வி கேட்டது. உன் பெயரை நான் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் சேமித்து வைத்திருக்கிறேனாம். இருவரும் ஒருவரா, சேர்த்துவிடவா என்கிறது. "அடப்பாவி, இதைக் கண்டுபிடிக்கத்தானேடா நாங்க ரெண்டு பேரும் அந்தக் கம்ப்யூட்டர் குளிர் ரூம்ல செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு நடுங்கிக்கிட்டு உக்காந்திருந்தோம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. நீ இறந்துபோன பிறகும் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். நமக்குக் கொடுத்த வேலை பார்க்கச் சின்னதுதான். ஓர் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிகள் பெயரெல்லாம் ஆங்கிலத்தில், துளைபோட்ட அட்டைகளில் வந்தன. ஒரே ஆள் மறுபடி வந்தால் எழுதுகிறவர் கைக்குத் தக்கபடி பெயர் மாறிவிடும். தாஸுக்கு ஒருவர் 'ஏ' போடுவார், இன்னொருவர் 'ஓ' போடுவார். கம்ப்யூட்டர் அவர்களை ஒன்றுசேர்க்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகளை ஒப்பிட்டோம். உயிரெழுத்துகளை உதறிவிட்டுப் பெயரை ஒலிக்குறியாக்கிப் பார்ப்பது ஒன்று. ஒரு பெயர் இன்னொன்றாக எத்தனை எழுத்து மாற வேண்டும் என்று எண்ணுவது மற்றது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது, அது கண்டபடி ஆட்களைக் கோத்துவிடாது. நீ முதல் வழியின் பக்கம். "விட்டுப்போறதுக்கு, தப்பாச் சேக்குறதே மேல்டீ" என்பாய்.

நமக்குத் தந்த விதியில் இரண்டுக்குமே முதல் எழுத்தை நம்பு என்றுதான் இருந்தது. அதை யாரும் தப்பாக எழுத மாட்டார்களாம். எந்த ஊர்க்காரன் யோசித்ததோ! நம் ஊரில் முதல் எழுத்து அப்பாவுடையது. அதைத் தூக்கிவிட வேண்டும் என்று நீ மல்லுக்கு நின்றாய்.

"இனிஷியலை எடுத்தா மதுரைல பாதிப்பேரு ஒரே ஆளாயிருவான். ஒனக்கென்ன கிறுக்கா?" என்று கத்தினேன்.

நீ டிபன் டப்பாவை மூடினாய். "அப்பா மேல கோவிச்சுக்கிட்டுப் போனவன், அப்பா எழுத்தப் போடுவானாடீ?"

அன்றுதான் உன் தம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்தது. அருள்தாஸ். பத்தாம் வகுப்பில் தோற்றதற்காக, மிஷன் பள்ளி வாத்தியாரான உன் அப்பா எல்லார் முன்னாலும் அவனைப் பிரம்பால் விளாசியிருக்கிறார். மறுநாள் திருமங்கலம் பஸ்ஸில் ஏறியவன் திரும்பவில்லை. வீட்டில் அவன் பேரை எடுக்கவே கூடாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து நீ நாள் முழுக்கப் பேர்களாக வாசித்துக்கொண்டிருந்தாய். இடையில் யாராவது "இங்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கே உடம்பு சிலிர்க்கும்.

முதல் எழுத்தைத் தூக்கினோம். குப்பை குப்பையாக ஜோடிகள் வந்து விழுந்தன. அதில், 'ஏ' போட்ட உன் தம்பியின் பழைய அட்டையோடு ஜோடியாக, 'ஓ' போட்ட ஓர் அருள்தாஸ். முன்னால் உன் அப்பாவின் 'எஸ்' இல்லை. உன் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

"அவன் அப்பா பேரும் அதே எழுத்தா இருக்கும். வேற ஆளுடீ" என்றேன். நீ அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருந்தாய்.

விலாசம் திருமங்கலத்தில் ஒரு லாரி ஷெட். நாம் இருவரும் போனோம். ஷெட்டுக்காரர் யோசித்துவிட்டு, "அருளா? கை ஒடிஞ்சு கட்டோட கெடந்துச்சே, அந்தத் தம்பியா? கட்டுப் பிரிச்சதும் வடக்க போற லாரில ஏறிருச்சும்மா" என்றார்.

"அப்பா பேரு ஏதாச்சும் சொன்னானாண்ணே?" என்று கேட்டாய்.

"அதக் கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிரும். அக்கா ஒண்ணு இருக்குன்னு மட்டும் சொல்லும்."

நீ அழவில்லை. பஸ்ஸில் சன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை. "இருக்கான்டீ" என்றாய், அவ்வளவுதான்.

அறிக்கையில் மேலதிகாரி அந்த ஜோடியைத் தவறானது என்று குறித்தார், முதல் எழுத்து வேறாம். நீ வாதாடவில்லை. அதன் பிறகு எத்தனை வருடம் தேடினாய், எத்தனை ஊர் லாரி ஷெட்டுகளில் விசாரித்தாய்! உன் அடக்கத்தன்று ஜெபம் எதுவும் என் காதில் ஏறவில்லை. வந்திருந்த ஆண்கள் முகத்தையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பாங்கிலோ கிளினிக்கிலோ அருள்தாஸ் என்று கூப்பிட்டால் என் கால் தானாக எழுந்துவிடுகிறது. போன மாதம் கே.கே. நகரில் நரைத்த ஒருவர். "அண்ணே, ஒங்க இனிஷியல் என்ன?" என்று கேட்டேவிட்டேன். "எதுக்கும்மா?" என்று சிரித்தபடி சொன்னார். வேறு எழுத்து. கண்டபடி கோக்கக் கூடாது என்று கத்தியவள்தான் நான். இன்று ஓர் அருள்தாஸையும் விட மனம் வரவில்லை.

ஒருநாள் உன் எழுத்தையே சொல்லி ஒருவன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வேன்? எங்கோ ஓர் ஊரில், அக்கா ஒண்ணு இருக்கு என்றுதானே அவன் இன்னமும் சொல்லிக்கொண்டிருப்பான். அதை நான் எந்த வாயால்டீ இல்லை என்பேன்?