பதினொன்றாம் எண் வீடு

ஆகஸ்ட் 12, 2025, செவ்வாய்

மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். 'முன்னாள் ராணுவத்தினருக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பு, நூம்பல்' என்று வாசல் பலகையில் எழுதியிருக்கிறது. கீழே என் பெயர், எழிலரசி, மேலாளர். மேலாளர் என்றால் மெக்கானிக்குக்கு ஏழு தடவை போன் போடுகிறவள்.

மதியம் எழுபது வயதுக்காரர் ஒருவர் வீடு கேட்டு வந்தார். பூந்தமல்லியில் எட்டு இடத்தில் கேட்டிருக்கிறார். தனி ஆள் என்றதும் ஒரு வீட்டுக்கார அம்மா, "உள்ளயே போய்ச் சேந்துட்டீங்கன்னா நாங்க இன்னா பண்றது?" என்று கேட்டாளாம். இவர் இரண்டு போர்முனை பார்த்தவர். இடமில்லை என்று நானும் சொல்லித்தான் அனுப்பினேன்.

பதினொன்றாம் எண் வீட்டில் பால் பாக்கெட் கொடுத்தேன். ஜமீலாம்மாவின் கணவர், பட்டாளத்தில் நாயக் பதவியில் இருந்த காதர், போன மாதம் 22ஆம் தேதி இறந்தார். அவர்கள் வழக்கப்படி இத்தா, நாலு மாதம் பத்து நாள் வெளியே வரமாட்டார். கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டினார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். கர்னல் சிவராமன் காரை விட்டு இறங்கியதும் வந்திருந்த இருபத்தெட்டுக் கிழவர்களும் ஒரே நேரத்தில் எழுந்து விறைத்து நின்றார்கள். முட்டி தேய்ந்த துலுக்கானமும்தான். இந்தக் குடியிருப்பை நடத்தும் அறக்கட்டளையின் தலைவர். பக்கத்து அடுக்குமாடிக்காரர்கள் கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் எங்கள் கிழவர்கள் அடுக்குமாடிப் பூங்காவில் உட்காரக் கூடாது என்று போர்டு வைத்ததும் அதே ஆட்கள்தான்.

எல்லோரும் போன பிறகு கர்னல் ஒரு கவரைக் கொடுத்தார். ஜமீலாம்மாவுக்கு. டிசம்பர் பத்துக்குள் காலி செய்யணும். "துக்க காலம் முடியட்டும்னுதான் டைம் குடுத்திருக்கேன்" என்றார். கருணையாம்.

முன்வரிசை நாலு வீடும் காலியானால், ஊரிலிருந்து சிகிச்சைக்கு வரும் அதிகாரிகள் தங்கும் விடுதியாகுமாம். முதலில் பதினொன்று.

கவர் இன்னும் என் பையில். நான் கொடுக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 16, சனி

கோப்பைத் தோண்டினேன். மார்ச் மாதத் தீர்மானம், ஆங்கிலத்தில் மூன்று பக்கம். வீட்டுக்குரிய ராணுவத்தினர் இறந்தால் குடும்பம் நூற்றிருபது நாளில் வெளியேற வேண்டும். கீழே எல்லோருடைய சம்மதக் கையெழுத்தும். முதல் கையெழுத்து காதருடையது.

தன் மனைவியைத் தெருவில் நிறுத்தும் தாளில் அந்த மனிதரே முதல் ஆளாகப் போட்டிருக்கிறார்!

வேம்புலியிடம் போனேன். பட்டாளத்தில் சமையல்காரராக இருந்தவர், புளியந்தோப்புக்காரர்.

"இன்னா எழிலு, மூஞ்சி உர்ருன்னு கீது?"

"படிச்சுப் பாத்தா கையெழுத்து போட்டீங்க?"

"கர்னல் சாப் ஃபால்-இன்னு சொல்லி வரிசையா நிக்க வெச்சாரு, பேனா குட்த்தாரு, போட்டோம். குழி வெட்டுன்னா வெட்டுவோம். எதுக்குன்னு கேட்டா அது பட்டாளமாம்மா? காதரு கையெழுத்து முத்து முத்தா கீதுன்னு சாப் முதுக வேற தட்டிக் குட்த்தாரு."

விஷயத்தைச் சொன்னேன். வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவே மறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 30

இந்தக் கர்னலைச் சும்மா விடமாட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

அண்ணா நகரில் கர்னல் வீடு. பிஸ்கட் கொடுத்தார், தொடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போட்டிருக்கிறார்கள், சார், என்றேன்.

"எழில், அவங்க எனக்காக உயிரையே குடுப்பாங்க. கையெழுத்து எம்மாத்திரம்?"

சிரித்துக்கொண்டே சொன்னார். பெருமையாக. பஸ்ஸில் வேலப்பன்சாவடி வரைக்கும் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது. அவரை ஏமாற்றுக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் தன்னை நல்லவர் என்றே நம்புகிறார். இன்னும் மோசம்.

அக்டோபர் 5, ஞாயிறு

நிர்வாகக் குழுவுக்குப் புகார் மனு தயார் செய்து வீடு வீடாகப் போனேன். வேம்புலி தவிர ஒருவரும் போடவில்லை. ஓய்வுபெற்ற ஹவில்தார் துலுக்கானம்தான் இங்கே மற்றவர்களுக்குத் தலை. அவர் சொன்னது: "சாப் மேல எழுதித் தரமுடியாதும்மா. அதுக்கு நான் செத்துடலாம்."

"செத்தா உங்க சம்சாரம் கமலம்மா எங்க போவாங்கன்னு யோசிச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது.

கர்னல் மேல் இருக்கும் கோபத்தில் பாதி இவர்கள் மேலும் இருக்கிறது. இதை இங்கேதான் எழுத முடியும். எதிரி சுட்டால் திருப்பிச் சுடத் தெரியும். சொந்த ஆள் கழுத்தை அறுத்தால் சல்யூட் அடிப்பார்களா? என்ன ஜென்மங்கள்டா நீங்க.

நவம்பர் 2, ஞாயிறு

கெட்ட யோசனை ஒன்று வந்திருக்கிறது. கெட்டது என்று தெரிந்தேதான் செய்யப்போகிறேன்.

நவம்பர் 8, சனி

தீர்மானத்தைத் தமிழில் ஒரே பக்கமாக எழுதினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் தாள். 'துலுக்கானம் இறந்த நூற்றிருபதாம் நாள் கமலம் ஐந்தாம் எண் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.' இப்படி ஒவ்வொரு ஆம்பளைக்கும் சாவு எழுதி, ஒவ்வொரு மனைவிக்கும் வெளியேற்றம் எழுதி, காலையில் கதவுக்கடியில் தள்ளினேன்.

ஒன்பது மணிக்கு ஐந்தாம் எண்ணில் பாத்திரம் விழுந்த சத்தம். கமலம்மா தாளோடு நடு வழியில் நின்றார்.

"யோவ், இதுல கையெழுத்து போட்டியா இல்லியா? அத்த சொல்லு மொதல்ல!"

"சாப் சொன்னாரு..."

"சாப்பு வந்து எனக்குச் சோறு போடுவாரா? பொண்ணு கல்யாணப் பத்திரிகைய நாலு தபா படிச்சுத் தப்பு கண்டுபிடிச்ச. இத படிக்க இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சு?"

துலுக்கானம் தலை நிமிரவில்லை. பதினொன்றாம் எண் ஜன்னல் லேசாகத் திறந்தது. வெளியே வரக் கூடாதவர். இருபத்தைந்து பெண்கள் அந்த ஜன்னலடியில் போய் நின்றார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ருசித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

நவம்பர் 28, வெள்ளி

ஜமீலாம்மாவின் இத்தா முடிந்தது. கவரைக் கொடுத்தேன். படித்து, நான்காக மடித்து, "மூணு மாசமா நீ தூக்கிச் சுமந்தியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். கவர் இருப்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

கொடிநாள் விழா. ஜமீலாம்மாவின் கெடுவுக்கு இன்னும் மூன்று நாள். நன்கொடை தரும் கம்பெனியிலிருந்து நிவேதிதா என்ற அதிகாரி வந்திருந்தார். மைக்கில் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், ஒவ்வொரு வரியும் கத்தி.

கர்னல் கூடத்துக்குள் நுழைந்தார்.

ஒருவரும் எழவில்லை.

அவர் வாசலிலேயே நின்றார், ஏதோ கவனிக்காமல் இருக்கிறார்கள் என்பது போல. தொண்டையைச் செருமினார். துலுக்கானம் இரண்டு முட்டியையும் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். தானாக எழுந்துவிடுமோ என்ற பயம். விரல் வெளுத்திருந்தது. கமலம்மா அவர் வேட்டி நுனியைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்.

எழுந்தது ஜமீலாம்மா மட்டும்.

"சாப், நான் புதன்கிழம போவணுமா, இருக்கலாமா? எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

கர்னல் என்னைப் பார்த்தார். காது ரத்தமாகச் சிவந்திருந்தது. நிவேதிதா என்ன விஷயம் என்று கேட்க, தமிழ்த் தாளையும் ஆங்கிலத் தீர்மானத்தையும் ஒன்றாக நீட்டினேன். அங்கேயே நின்று படித்தார். என் பேச்சு பையிலேயே கிடந்தது. தேவைப்படவில்லை.

அந்தக் காதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

துலுக்கானம் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். வேம்புலி கஞ்சி வைத்துக்கொண்டு போனார். "இருவத்தாறு வருச முதுகெலும்ப ஒரே நாள்ல ஒட்ச்சா வலிக்காதாம்மா?" என்கிறார்.

டிசம்பர் 19, வெள்ளி

நிர்வாகக் குழு தீர்மானத்தை ரத்து செய்தது. உடல்நிலை காரணமாகக் கர்னல் விலகுகிறாராம். வாட்ஸாப் குழுவிலிருந்து 6.10க்கு வெளியேறினார்.

6.20க்கு எனக்கு போன். "ராணுவத்தையே அவமானப்படுத்திட்டே நீ."

"ராணுவம் உக்காந்துதான் இருந்துச்சு, சார்."

மன்னிப்பு கேட்கவில்லை அவர். மன்னிக்கவில்லை நான். சரியாகப் போச்சு.

ஜனவரி 18, 2026, ஞாயிறு

புதிய விதி. மனைவிக்கு ஆயுள் முழுக்க உரிமை. நானே தமிழில் எழுதியது, நாலு பக்கம். எல்லோருடைய கையெழுத்தோடும் நாளை பத்து மணிக்குக் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். பத்து நிமிட வேலை என்று மேசை போட்டு, பேனாவைத் திறந்து வைத்தேன்.

துலுக்கானம் முதல் ஆளாக வந்தார். தாளை எடுத்தார், கண்ணாடியைத் தேடினார். "இரும்மா, ஊட்ல போய்ப் படிச்சிட்டு வரேன்."

"உங்களுக்கு நல்லதுக்குத்தான் எழுதியிருக்கேன்!"

"சாப்பும் அத்தான் சொன்னாரு" என்றார் கமலம்மா.

பின்னாடியே எல்லோரும் ஆளுக்கொரு பிரதி. இரண்டாம் பக்கத்தில் 'மறுமணம்' என்று ஏன் போட்டிருக்கிறது என்று சண்டை. வேம்புலி தனக்கு மனைவியே இல்லை, தங்கச்சியைச் சேர்க்க முடியுமா என்கிறார். கோபத்தில் எனக்குத் தலை வலிக்கிறது.

மாலை ஆறரை. கையெழுத்து ஒன்றுகூட இல்லை. ஜமீலாம்மா மூன்றாம் பக்கத்தில் இருக்கிறாராம். டீ குடிக்க வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார், இரண்டு வரி புரியவில்லையாம்.