"தொடங்கலாம்" என்பதோடு நின்ற அறிவிப்பு

புரட்டாசி, செவ்வாய்.

பட்டாசுக் கம்பெனிக்கு நான் எழுதிக்கொடுத்த வலைப்பக்கம் இன்று நான்கு பேரைக் கொல்ல இருந்தது. காலையில் ஃபோர்மேன் அதில் போட்ட அறிவிப்பு: "ஏழாம் ஷெட்டில் வேலை தொடங்கலாம், நேற்று மிஞ்சிய வெடிமருந்தை அகற்றிய பிறகு மட்டும்." வேனில் கம்பெனி கேட்டுக்கு வந்து சேர்ந்தவர்களின் போனில் அது "தொடங்கலாம்..." என்பதோடு நின்றுவிட்டது. நீளமான அறிவிப்பைச் சொல் முறியாமல் நூறு எழுத்துக்குள் வெட்டி மூன்று புள்ளி வைக்கக் கட்டளை எழுதியிருந்தேன். அந்தக் கட்டளை எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பிடிக்கும். நான் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த மடையன்.

எங்கள் தெரு பாண்டியம்மா அத்தைதான் ஷெட்டைத் திறந்ததும் பழைய மருந்தைப் பார்த்து, மற்ற மூவரையும் உள்ளே விடாமல் மறித்திருக்கிறார்; இரவு தங்கிய மருந்து தொட்டாலே வெடிக்கும். மேனேஜர் அவர் மீதே பாய்ந்தார்.

"மூணு புள்ளி இருக்குல்ல? தொட்டா முழுசும் வரும். படிக்காமச் சத்தம் போடுதீக."

"எதைத் தொட? போனைத்தான் கேட்டுலயே வாங்கி வச்சுக்கிடுதீகளே! மருந்தைத் தொட்டுப் பாக்கவா?"

பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அத்தைக்கு எச்சரிக்கை மெமோ. இது இரண்டாவது, இரண்டு வாங்கினால் வேலை போச்சு, வேனில் ஏற்ற மாட்டார்கள். அறிவிப்பைச் சரிபார்க்க வரவழைக்கப்பட்ட நான், பக்கத்திலேயே மடிக்கணினிக்குள் குனிந்து நின்றேன்.

மாலையில் வெட்டும் கட்டளை வரியையே நீக்கினேன். பக்கம் அசிங்கமாக இருக்கிறதாம், மேனேஜர் சொன்னார். இருக்கட்டும்.

தப்பு என்னுடையது என்று மேனேஜருக்கும் முதலாளிக்கும் இப்போதுதான் எழுதி அனுப்பினேன். இருவரும் படித்துவிட்டார்கள். மெமோ அப்படியே இருக்கிறது. காலையில் வேன் வரும்போது அத்தையோடு நானும் போய் நிற்பேன்.