நான் கண்ணை மூடிய ஆட்டம்

துபாய்

அன்புள்ள நாகஜோதிக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அகிலாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் மறுபடியும் சண்டையில்தான் முடியும். அதனால் லீவில் வரும் என் ரூம்காரன் விமலிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் நாங்கள் இருவரும் ரக்பி பார்க்கப் போனோம். கேலரிக்குச் சாரம் கட்டியது எங்கள் ஆட்கள் என்று சூப்பர்வைசர் டிக்கெட் கொடுத்தார். பல நாட்டுப் பெண்கள் ஆடினார்கள். பந்தோடு ஓடுகிறவளை இடுப்பைப் பிடித்துச் சாய்க்கிறார்கள். நம் ஊர்க் கபடிதான், கூடவே ஒரு பந்து. கென்யாக்காரப் பெண் ஒருத்தி விழுந்த வேகத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அண்ணே, கண்ணத் தொறங்க. அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடுது" என்றான் விமல்.

முன்வரிசையில் ஒருவர் நின்றுகொண்டே கை தட்டினார். அவளுடைய அப்பாவாம். நம் மகள் அகிலா கபடி டீமில் சேரக் கூடாது என்று போனில் கத்தியவன் நான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தில் கேட்ட சம்மதக் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். முட்டிக்குப் போடும் பேட் விமலிடம் இருக்கிறது. அவன் திரும்பும்போது பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. நீ கபடி டீமோடு நிற்கும் பழைய போட்டோவையும் கொடு. கல்யாணத்துக்குப் பிறகு உன்னை ஆட வேண்டாம் என்றவனும் நான்தானே.

விமல் பெட்டியைப் பூட்டுகிறான். அடுத்த லீவில் நீயும் அகிலாவும் எதிரெதிராக ஆடுங்கள். நான் கண்ணை மூட மாட்டேன்.

உன்
செல்லத்துரை