அட்டை எரிந்த புத்தகம்

1954 ஜூலை 27, செவ்வாய்

நான் எழுதுகிற இந்தக் கொப்பியை யார் எடுத்தாலும் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். அண்ணனிடம் கொடுக்காதீர்கள். அம்மாவுக்குப் படித்துச் சொல்லாதீர்கள். எடுத்த இடத்திலேயே, அரிசித் தகரத்துக்குப் பின்னால், திரும்ப வைத்துவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இன்று ஒன்றும் நடக்கவில்லை. மழைதான். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் நனைந்து போய், நனைந்து வந்தேன். நாளை மறுநாளோடு விடுமுறை. அம்மாவும் மதினியும் தேயிலைக் கொழுந்து பறித்து, நிறுத்துவிட்டு இருட்டிய பிறகு வந்தார்கள். மதினிக்கு எட்டு மாதம். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கக் குனிய முடியவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். தண்ணீர் சொட்டியது.

அம்மா சொன்னார்: "எட்டாப்பு முடியட்டும். ஒம் பேரயும் பதிஞ்சிருவோம்."

பேர் பதிந்தால் தோட்டத்து வேலையாட்கள் பட்டியலில், செக்ரோலில் ஏறிவிடும். பிறகு பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவ படிக்கட்டும்மா" என்றார். இதுவரை அண்ணன் பேச்சுதான் எடுபடுகிறது. எத்தனை நாளைக்கு?

அசதியாக இருக்கிறது. பதின்மூன்று வயதில் இவ்வளவு அசதி வருமா?

ஆகஸ்ட் 1, ஞாயிறு

வாசிகசாலைக்குப் புத்தகம் வந்திருக்கிறது. தோட்டத்தில் முன்பு இருந்த டாக்டரய்யா வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது ஒரு பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனாராம். வாசிகசாலை என்பது எங்கள் வரிசை வீடுகளில் கடைசி லயத்தில் காலியாகக் கிடந்த ஒரு காம்பரா, ஒற்றை அறை. மூன்று தேயிலைப் பெட்டிகளைப் படுக்க வைத்ததுதான் அலுமாரி. அதனால் எல்லாவற்றையும் வைக்க முடியாது. தலைவர் செல்லசாமி கங்காணியார் ஒரு சட்டம் சொன்னார்: "ஒரு புஸ்தகம் மூணு பேருக்காச்சும் பிரயோசனப்படணும். இல்லாட்டி எடத்த அடைக்கக் கூடாது." வேண்டாமென்று கழித்தது பஜார் கடைக்குப் போகும், மிளகாய்த் தூள் சுற்ற.

அண்ணன் காரியதரிசி. அவர் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வாசித்தார். இருந்தவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று பட்டியல் எழுத என்னை மூலையில் உட்கார வைத்தார்கள்.

கோழி வளர்ப்பு. தீனியை நிறுத்துப் போட வேண்டும் என்று அதில் இருந்தது. பழனியாண்டி மாமா கையைத் தட்டிச் சிரித்தார். "நமக்கே கொழுந்த நிறுத்துத்தான் சோறு. இனிமே கோழிக்கும் தராசா?" வேண்டாம்.

ரோஜா வளர்ப்பு. "பங்களாத் தோட்டக்காரனுக்குக் கைநாட்டுத்தான். பூக்காமயா இருக்கு?" வேண்டாம்.

குஸ்தி. படம் பார்க்கவே ஆறு பேர் எழுந்து வந்தார்கள். வைக்கலாம்.

ரேடியோ பழுதுபார்ப்பது எப்படி. தோட்டத்தில் ரேடியோ இருப்பது பெரிய கிளாக்கர் வீட்டில் மட்டும். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்கிற முத்துலிங்கம், "நாளைக்கு நம்மகிட்டயும் வரும்ல" என்றான். "வர்றதுக்கெல்லாம் இப்பவே எடம் போட்டு வெச்சா, இருக்கிறவன் எங்க ஒக்கார்றது?" என்றார் கங்காணியார். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் வைக்கலாம் என்றார்கள்.

அடியில் ஒன்று கிடந்தது. பிரசவம் பார்க்கிறவர்களுக்கு எழுதியது. அண்ணன் நடுவில் பிரித்தார், படத்தைப் பார்த்தார், மூடிவிட்டார். காது சிவந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. கங்காணியார்தான் பேசினார்:

"மருத்துவிச்சிக்கு எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரிஞ்சவன் பிரசவம் பாக்கப் போறதில்ல. இதுக்கு மூணு பேருக்கு எங்கடா போறது? கடைக்கும் அனுப்பாத. இந்தப் படத்துலயா மொளகாத்தூள் சுத்திக் குடுப்பான்? அடுப்புல போடு."

நான் 'வேண்டாம்' என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 2, திங்கள்

அண்ணன் அதைப் பழைய துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "பிரிக்காத. அப்படியே வெச்சு எரிச்சிரு."

பிரித்தேன்.

எரித்தது அட்டையை மட்டும். தடித்த அட்டை, நீலமாக எரிந்தது. சாம்பலை அண்ணன் பார்த்தார். உள்ளே இருந்தது அரிசித் தகரத்துக்குப் பின்னால். ஏன் செய்தேன்? கேட்டால் என்ன சொல்லுவேன்?

ஆகஸ்ட் 11

ஏன் என்று இப்போது சொல்ல முடியும். பதினோராம் பக்கம்.

சித்திரையில் எனக்கு நடந்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூலையில் உட்கார வைத்து, உளுந்துக் களி கொடுத்து, பதினாறு நாள் கழித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் செத்துப்போகப் போகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அது என்ன, ஏன், எத்தனை நாளைக்கு ஒரு முறை - எல்லாம் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. சோறு வடிப்பது எப்படி என்று சொல்வதுபோல் சொல்லியிருக்கிறது. பயமுறுத்தவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை.

இதில் அசிங்கம் எங்கே என்று தேடினேன். கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ஆடி கழிந்ததும் மதினிக்கு வளைகாப்பு. ஒன்பதாம் மாதம். நோட்டன் பிரிட்ஜிலிருந்து அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு அத்தை கட்டுச்சோற்றோடு வந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். மதினி கையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். வளையல் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடி ஓடி வந்தது. "பாரு புள்ள, மணியடிக்குது" என்றாள். அவளுக்குப் பத்தொன்பது வயதுதான்.

வீட்டில் ஒரு நாள் சிரிப்பு இருந்தது. எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 5, ஞாயிறு

வளையல் ஓடவில்லை.

செப்டம்பர் 7, செவ்வாய்

மதினியின் கை, முகம் எல்லாம் உப்பியிருக்கிறது. வளையல்கள் சதைக்குள் பதிந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. லயத்துப் பெண்கள் கன்னத்தைக் கிள்ளி, "ஒடம்பு வெச்சிட்டா, பொம்பளப் புள்ளதான்" என்கிறார்கள். மருத்துவிச்சி வீரம்மா பெரியம்மா வந்து காலைப் பார்த்தார். "ஈரப் படங்கோட மல ஏறி எறங்கினா இப்படித்தான். பனி வீக்கம். உப்பு ஒத்தடம் குடு" என்றார். அவர் கையில் பிறந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். நானும்.

இரவு மதினி மெதுவாகச் சொன்னாள், தலை பிளக்கிறதாம். "கண்ணு முன்னால மின்மினி பறக்குது புள்ள. பகல்லயே."

செப்டம்பர் 8, புதன்

எழுபத்து நான்காம் பக்கம். முகமும் கையும் வீங்குவது, மோதிரமும் வளையலும் இறுகுவது, ஓயாத தலைவலி, கண்முன் பொறி பறப்பது. இவை சேர்ந்து வந்தால் ஒத்தடம் போதாது. வலிப்பு வரும். தாயும் பிள்ளையும் போகும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

"அன்றைக்கே" என்று இருக்கிறது. மதினிக்கு மின்மினி பறந்தது நேற்று.

சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எரிக்கச் சொன்னதை எரிக்காமல், கல்யாணமாகாத பிள்ளை மறைத்து வைத்துப் படித்திருக்கிறாள். அண்ணன் இனி எனக்காகப் பேச மாட்டார். பேர் பதிந்துவிடுவார்கள்.

ஒருவேளை பனி வீக்கம்தானோ? வீரம்மா பெரியம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிட்டது? நான் அட்டையில்லாத ஒரு புத்தகத்தைப் படித்தவள், அவ்வளவுதான். சொல்லவா? சொல்லாமல் இருக்கவா? மாரியாத்தா, எனக்கு ஏன் இந்தப் புத்தகம்?

மதினி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து முனகுகிறாள். காலையில் சொல்லிவிடுவேன். சொல்லிவிடுவேன்.

செப்டம்பர் 9, வியாழன்

சொல்லிவிட்டேன்.

வேலைக்கு ஆள் கூட்டுகிற பெரட்டுத் தப்பு அடிக்கிற நேரம். அண்ணன் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே பிரித்து நீட்டினேன்.

"என்னாடி இது?" என்றார். பிறகு அடையாளம் தெரிந்துவிட்டது. "எரிக்கச் சொன்னேன்ல?"

"அட்டைய எரிச்சேண்ணே."

கை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "அடிங்க. மொதல்ல படிங்க, அப்புறம் அடிங்க" என்றேன். அப்படிப் பேசியது நான்தானா?

வாசற்படியில் நின்றே படித்தார். இரண்டு முறை. உள்ளே போய் மதினியின் கையைப் பிடித்து ஒரு வளையலை நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. அம்மா, "காலங்காத்தால வளையல்ல கை வெக்காதடா, ஒடைஞ்சா ஆகாது" என்று கத்தினார். அண்ணன் தலைத்துண்டைக்கூட எடுக்காமல் புது டாக்டரய்யாவின் மருந்துக் காம்பராவுக்கு ஓடினார். படியில் அவர் போட்டுவிட்டுப் போன புத்தகத்தைத் தகரத்துக்குப் பின்னால் திரும்ப வைத்தேன்.

டாக்டரய்யா வந்து மதினியின் முகத்தைத்தான் பார்த்தார். இரண்டு கேள்வி கேட்டார். தேயிலைப் பெட்டி ஏற்ற நின்ற லொறியில் சாக்கு விரித்து, அம்மாவையும் அண்ணனையும் கூட ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். லயம் முழுக்க வாசலில் நின்றது. ஒருவரும் என்னோடு பேசவில்லை. வீரம்மா பெரியம்மாவும்.

அண்ணன் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 10

செய்தி இல்லை. சோறு வடித்தேன், சாப்பிடவில்லை.

செப்டம்பர் 12, ஞாயிறு

அம்மா வந்தார். போன அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் மதினிக்கு வலிப்பு வந்ததாம். வளையல்களை எல்லாம் அங்கே உடைத்து எடுத்துவிட்டார்கள். இரவு பிள்ளை பிறந்தது. ஆண். "ஒரு கையில அடங்குது. பஞ்ச நனைச்சு பாலு குடுக்குறாங்க." இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

உயிரோடு இருக்கிறார்கள். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

செப்டம்பர் 19, ஞாயிறு

அம்மா ஏசவில்லை. தலை பின்னிவிட்டுக்கொண்டே சொன்னார்: "ஒம் மதினி மூணு மாசத்துக்கு மல ஏற முடியாது. ஒரு பேரு கொறைஞ்சு போச்சு. அந்தக் கங்காணி வேற, 'படிக்க வுட்டா என்னத்தயெல்லாம் படிக்குது பாத்தியா'ன்னு கேக்குறாரு. நா என்னாத்தப் பதில் சொல்ல?"

அண்ணன் வாசலில் உட்கார்ந்து விறகு பிளந்துகொண்டிருந்தார். இந்த முறை 'அவ படிக்கட்டும்மா' வரவில்லை. விறகு மட்டும் பிளந்தது.

நாளை மறுநாள் என் பேரும் பதிகிறார்கள், சின்னப் பிள்ளைக்கு அரைச் சம்பளம், அரைப்பேர்.

செப்டம்பர் 21

பதினோரு றாத்தல் கொழுந்து எடுத்தேன். கை முழுக்கக் கீறல். எழுதக் கை வரவில்லை.

செப்டம்பர் 26, ஞாயிறு

மதினி வந்துவிட்டாள். வெறுங்கை. பிள்ளை பூனைக்குட்டி மாதிரி கத்துகிறது.

வாசிகசாலையில் இன்று அண்ணன் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்து வைத்தாராம். எனக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். பழைய நோட்டீசு ஒன்றால் அட்டை போட்டிருந்தார். கங்காணியார் சட்டத்தை மாற்றவில்லை. "மூணு பேரு சொல்லு."

"எம் பொஞ்சாதி."

"ஒண்ணு."

"எம் மகன்."

"பாலு குடிக்கிற பய வாசகனாடா?" எல்லோரும் சிரித்தார்களாம். பழனியாண்டி மாமாதான், "உசுரோட இருக்கான்ல, எண்ணிக்குங்க" என்றாராம். கங்காணியாரும் தலையை ஆட்டிவிட்டார். மூன்றாவதுக்கு ஆள் இல்லை. என் பெயரை அண்ணன் சொல்லவில்லை. லயத்துக்கே தெரிந்திருந்தாலும் சபையில் சொல்லக்கூடாதுதான். எனக்கு எப்படிக் கல்யாணம் ஆகும் என்பார்கள். திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்து, தகரத்துக்குப் பின்னால் அவரே வைத்தார். அந்த இடம் அவருக்கு எப்படித் தெரியும்? அப்படியானால் இந்தக் கொப்பியும் -

படித்திருந்தாலும் ஒன்றும் கேட்கவில்லை.

செப்டம்பர் 28, செவ்வாய்

இன்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் வீரம்மா பெரியம்மா என் பக்கத்தில் குடத்தை வைத்தார். ஒன்பதாம் தேதியிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவர். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"எத்தன பக்கம் இருக்கு அதுல?"

"எறநூத்திப் பன்னெண்டு, பெரியம்மா."

குடம் நிரம்பி வழிந்தது. அவர் எடுக்கவில்லை. "போன வருசம் மேக் கணக்கு லயத்துல ஒருத்தி செத்துப்போனா. நாந்தான் ஒத்தடம் குடுத்தேன். அவளுக்கும் மின்மினி பறந்திச்சு. சொன்னா. நாந்தான் பசி மயக்கம்னேன்." குடத்தை நகர்த்தி வைத்தார். "நம்ம லயத்து ராசம்மாவுக்கு அடுத்த மாசம் பிரசவம். இருட்டினதும் வாறேன். நீ வாசி, நா கேட்டுக்கிறேன். கங்காணிக்கிட்ட நானே சொல்லிக்கிறேன், மூணாவது ஆளு நான்னு. ஆனா மொதல்ல வாசி. அதுக்கு முந்தி யாருகிட்டயும் மூச்சு வுடாத."

குப்பி லாம்பில் எண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறேன். மதினியும் பிள்ளையும் தூங்குகிறார்கள். அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், வாசலில் கிடந்த விறகை ஒதுக்கி வழி விட்டிருக்கிறார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதா, எழுபத்து நான்கிலிருந்தா? சில சொல் எனக்கே புரியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும், கால் இப்போதே கடுக்கிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் இருபத்தியிரண்டு நாள், ராசம்மா அக்காவுக்கு அதற்குள் -

கதவைத் தட்டுகிறார்